அல்வா ஊரில் ஓர் அவசர இலை

திருநெல்வேலி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அல்வா. சரி. தாமிரபரணி. ரொம்ப சரி. அரிவாள் என்று சொல்கிறவர்கள் சினிமா அதிகமாகப் பார்க்கிறவர்கள், அவர்களை விட்டுவிடலாம். ஆனால் ஜெர்மனியில் ஒரு மருந்துக் கடைக்காரரிடம் போய் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதுவும், வெள்ளைக்காரன் நாக்குச் சுளுக்கி வைத்த 'டின்னவெல்லி' என்ற பெயரைச் சொல்லுங்கள். மனுஷர் அல்வாவைப் பற்றிப் பேச மாட்டார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "எத்தனை நாளாச்சு?" என்று கேட்பார்.

விஷயம் இதுதான். மலச்சிக்கலுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கிற ஒரு மூலிகை இலைக்கு வியாபாரப் பெயரே 'டின்னவெல்லி சென்னா'. (மலச்சிக்கல் என்ற வார்த்தையைப் பத்திரிகையில் எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதற்கான மருந்து விளம்பரங்கள் எத்தனை தலைமுறையாக அரைப் பக்கம், கால் பக்கம் என்று வருகின்றன! எழுதலாம்.) உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பிடித்த இலை இது. உள்ளே தள்ள அல்வாவும் வெளியே தள்ள இலையும் ஒரே சீமை கொடுக்கிறது என்றால், சேவை என்பது அதுதான் சார்!

இந்த இலைக்குப் பெயர் ஒன்றிரண்டல்ல. சித்த வைத்தியர் நிலவாகை என்பார். நாட்டு மருந்துக் கடையில் நிலாவரை. அரபு நாட்டில் சனா. ஏற்றுமதிக்காரருக்குச் சென்னா. பயிர் பண்ணுகிற சம்சாரியைக் கேட்டால் அவுரி என்பார். இதில்தான் வம்பு. தலைமுடிக்குக் கறுப்பேற்றும் நீலச்சாயச் செடிக்கும் அவுரி என்றுதான் பெயர். முழுப் பெயர் சொல்லாமல் "அவுரிப் பொடி நூறு கிராம்" என்று வாங்கினால், தலைக்குப் போக வேண்டியது வயிற்றுக்கும், வயிற்றுக்குப் போக வேண்டியது தலைக்கும் போகிற ஆபத்து உண்டு. ஒரு சரக்கைப் பரிசோதிக்கும்போது முதல் கேள்வியே 'இது தரமா?' அல்ல, 'இது எது?' என்பதுதான். அதை நான் பிற்பாடு தூத்துக்குடியில் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு கூத்து, இந்தத் 'திருநெல்வேலி' இலை நிறைய விளைவது தூத்துக்குடி மாவட்டத்தில். 1986-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது நிலம் தூத்துக்குடிக்குப் போயிற்று, பெயர் நெல்லையிலேயே தங்கிவிட்டது. ஊரே தன் ஸ்பெல்லிங்கை மாற்றிக்கொண்ட பிறகும், இலை மட்டும் பிடிவாதமாக அந்தப் பழைய 'டின்னவெல்லி'யை வைத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் மாற்றவே நாம் படுகிற பாட்டை நினைத்தால் அது செய்வதும் நியாயம்தான்.

நான் ஏன் அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரே பழக்கம், எந்தக் காகிதத்திலும் கொட்டை எழுத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் பொடி எழுத்தை முதலில் படிப்பது. பேலன்ஸ் ஷீட்டில் உண்மை அங்கேதான் குடியிருக்கும். சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு டீ பாக்கெட். முன்னால் இடுப்பே இல்லாத ஒரு பெண் படம். 'ஸ்லிம்', 'டீடாக்ஸ்', 'ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று மூன்று கொட்டை எழுத்து. திருப்பினேன். பொடி எழுத்தில், சென்னா இலை. அட, நம்ம ஊர் சரக்கு! அது எப்போது பேதி வேலையை விட்டுவிட்டு அழகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தது? அதை விசாரிக்கத்தான் தை மாசத்தில் ஒரு நாள் நெல்லை புது பஸ் ஸ்டாண்டில் சாத்தான்குளம் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்தேன்.

அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? நெல்வயலும் வாய்க்காலும் கொஞ்ச தூரத்தில் முடிந்துபோகும். அப்புறம் பனை. பனைக்குப் பின்னால் பனை. நடுநடுவே குடை விரித்த மாதிரி உடை மரங்கள். கடல் பக்கமாகப் போகப் போக மண் சிவந்து, தேரிக் காடு என்கிற செம்மணல் மேடுகள் வரும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் திரும்பும்போது அது காவி. பக்கத்தில்தான் கருப்பட்டிக்குப் பேர் போன உடன்குடி. இறங்கியதும் ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்தேன். அந்தக் காப்பிக்காக இன்னொரு கட்டுரை எழுதலாம்.

தோட்டத்துக்குக் கூட்டிப் போனவர் எழுபது வயசுப் பெரியவர். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, காலில் ஒன்றுமில்லை.

"மெட்ராஸ்லேர்ந்தா வாரிய? இந்த இலையப் பாக்கவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை வயிற்றுப் பக்கம் ஒரு விநாடி கூடுதலாக நின்றது.

"உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லைங்க ஐயா. எழுதறதுக்கு" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ" என்றார்.

செடி இடுப்பு உயரம்கூட இல்லை. வெளிர் பச்சையில் ஜோடி ஜோடியாக ஒல்லி இலைகள், உச்சியில் மஞ்சள் பூ. ஆவாரம்பூவைப் பார்த்தவர்களுக்கு இது அதன் சொந்தக்காரி என்று உடனே தெரியும். ஒரே குடும்பம்தான். ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறார்கள். ரெண்டு மூன்று மழை கிடைத்தால் போதும், அப்புறம் தண்ணீர் கேட்டு மூக்கால் அழாது. ரெண்டு, ரெண்டரை மாசத்தில் முதல் பறிப்பு. ஒரு மாசம் விட்டு ரெண்டாவது. கடைசியில் இலையோடு காயும். தட்டையாக, மெல்லிசாக, பழைய காலத்துத் தாயத்து மாதிரி இருக்கும் அந்தக் காய்க்கும் தனி மார்க்கெட் உண்டு.

"பூ வந்தா கிள்ளிப் போட்டுரணும் தம்பி. பூக்க விட்டா இலை சுணங்கிப் போவும்."

"வேலி போடலையா?"

"எதுக்கு? ஆடு மாடு இதக் கடிக்காது. மோந்து பாத்துட்டுப் போயிரும். அதான் வெதைக்கோம். மத்ததெல்லாம் ஆட்டுக்குத்தான் வெளையுது."

ஆட்டுக்குத் தெரிந்த சங்கதி சூப்பர் மார்க்கெட்டுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பறித்த இலையை வெயிலில் போட்டு மொரமொரவென்று காய வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நிழலில், மெல்லிசாகப் பரப்பி, புரட்டிப் புரட்டி, ஒரு வாரம் பத்து நாள் காய வைக்க வேண்டும். மஞ்சள் கலந்த பச்சை நிற்க வேண்டும். அது பழுப்பானால் விலையும் பழுத்துவிடும். பெரியவர் வீட்டுத் திண்ணையிலும் கொட்டகையிலும் இலை பரப்பியிருந்தது. ஒரு பக்கத்துக் குவியல் மட்டும் கொஞ்சம் பழுப்பு. மார்கழிக் கடைசியில் எதிர்பாராமல் ஒரு தூற்றல். கொட்டகைக் கூரையில் ஓட்டை. "நாலு மூடை நனைஞ்சி போச்சி" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மறுநாள் அந்த நாலு மூட்டையையும் சேர்த்துத்தான் தூத்துக்குடிக்கு ஏற்றப் போகிறார். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தூத்துக்குடியில் அந்தக் குடோனுக்குள் நுழைந்ததும் பழைய புத்தகக் கடையில் நுழைந்த மாதிரி ஒரு வாசனை. கூரை வரைக்கும் இலை. வரிசையாக உட்கார்ந்த பெண்கள் குச்சி, காம்பு, கல் பொறுக்குகிறார்கள். சல்லடையில் பெரிய இலை, சின்ன இலை, நொறுங்கல் என்று பிரிகிறது. கடைசியில் இயந்திரத்தில் அமுக்கிச் சிப்பம் கட்டுகிறார்கள். இந்த அமுக்கலில்தான் ஒரு வேடிக்கை. ஒரு இலையின் நடு நரம்பு பக்கத்து இலையின் மேல் பதிந்து குறுக்காகக் கோடு விழும். சூடான் பக்கத்திலிருந்து வருகிற அலெக்சாண்ட்ரியா இலையில் இது இருக்காது. அது சுருண்டு உடைந்து இருக்கும். பார்மசி படிக்கிற பையன்கள் உலகம் முழுக்க இந்தக் கோட்டை வைத்துத்தான் 'இது டின்னவெல்லி' என்று பரீட்சையில் எழுதுகிறார்கள். நம்ம ஊர் ஆட்கள் அமுக்கின அமுக்கு பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கிறது!

குடோன் முதலாளி அண்ணாச்சி பரம்பரையாக இந்த வியாபாரம். அவர் பரிசோதனை முப்பது விநாடி. மூட்டையின் அடிவயிற்றில் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். (மேலாக எடுத்தால் நல்ல இலைதான் வரும், அது எல்லா மூட்டைக்கும் தெரியும்.) நசுக்கிக் காதருகே வைப்பார். சலசல என்றால் காய்ந்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் ஈரம். முகர்வார். வெளிச்சத்தில் பிடிப்பார். ஒரு இலையை வாயில் போட்டு மெல்லுவார். முதலில் வழவழ, அப்புறம் லேசாகக் கசப்பு.

"தினமும் மெல்றீங்களே அண்ணாச்சி, ஒண்ணும் ஆகலையா?" என்றேன்.

"துப்பிருவேன்லா!" என்றார்.

பெரியவரின் பழுப்பு மூட்டைக்கு வந்ததும் அண்ணாச்சியின் கை நின்றது. "கலர் இல்லையே பெரியவரே. மழையில நனைச்சிட்டியளே."

"நனைச்சது நானா? வானம்லா நனைச்சிது" என்றார் பெரியவர். "டெஸ்டுக்கு அனுப்புங்க மொதலாளி. சத்து இருந்தா ஒரு வெல, இல்லன்னா ஒரு வெல."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். டெஸ்டுக்குச் செலவு அவருடையது. பெரியவரோ இருபது வருஷத்து வாடிக்கை. "சரி, அனுப்புதேன். நாளைக்கு வாங்க." சாம்பிள் கவரோடு என்னையும் அனுப்பி வைத்தார்.

பரிசோதனைக் கூடத்தில் இருந்தது எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண். வெள்ளைக் கோட்டு, ஸ்டூலுக்குக் கீழே டிபன் பாக்ஸ். நான் எழுதுகிறவன் என்றதும், "எழுதுங்க சார், ஆனா என் பேர் போடாதீங்க. வீட்ல வரன் பாக்கறாங்க. 'பொண்ணு என்ன வேலை பார்க்குது'ன்னு கேட்டா 'கெமிஸ்ட்'னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க" என்றாள்.

அவள் காட்டியதில் முதலாவது மைக்ராஸ்கோப். இலைத் தோலில் மூச்சு விடுகிற துளைகள் உண்டு. தோலில் உள்ள மொத்தச் செல்களில் நூற்றுக்கு எத்தனை துளை என்று எண்ணுகிறார்கள். அலெக்சாண்ட்ரியா இலையில் 10 முதல் 15. நம்ம இலையில் 14 முதல் 20. ('ரெண்டும் ஒரே இனம்தான், எதுக்குச் சண்டை?' என்று தாவரவியல்காரர்கள் இப்போது ரெண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். வியாபாரிகள் கேட்பதாக இல்லை.) ஆவாரை இலையைக் கலப்படம் பண்ணியிருந்தால், 80 சதவீத கந்தக அமிலம் ஒரு சொட்டு விட்டதும் அது மட்டும் கருஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆவாரம்பூ நல்லதுதான். ஆனால் இந்த வேலைக்கு ஆவாரை இலை உதவாது, அதில் அந்தச் சத்து இல்லை.

அடுத்தது சாம்பல். இலையை எரித்துச் சாம்பலாக்கி அதை அமிலத்தில் போடுகிறார்கள். இலையின் உப்புகள் கரைந்துவிடும், மணல் கரையாது. மணல் எவ்வளவு என்று எடை போட்டால், தேரிக் காட்டையும் சேர்த்து எடைக்குப் போட்டார்களா என்று தெரிந்துவிடும். தணிக்கைக்காரன் வவுச்சரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிறகு போர்ன்ட்ராகர் சோதனை. இலையை அமிலத்தோடு காய்ச்சி, ஈதரில் பிரித்து, அமோனியா விட்டுக் குலுக்கினாள். அடியில் ரோஜா நிறம் மெல்லப் பரவியது. சினிமாவில் கதாநாயகிக்கு வெட்கம் வருகிற மாதிரி. "இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. எவ்வளவுன்னு அந்த மெஷின்தான் சொல்லும்" என்று ஒரு பெட்டியைக் காட்டினாள். ஹெச்.பி.எல்.சி. என்று பெயர். இலைச் சாற்றை அழுத்தத்தோடு ஒரு குழாய் வழியாகத் தள்ளி, சத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வரைபடமாகப் போட்டுக் கொடுக்கும்.

'எவ்வளவு' என்று தேடுகிற அந்தப் பொருள் சென்னோசைடு. 1941-ல் ஸ்விட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் என்கிற வேதியியல் நிபுணர் குழு பிரித்தெடுத்தது. அது வேலை செய்கிற விதம் நம் ஆபீஸ் மாதிரியேதான். இரைப்பை அதைத் தொடாது. சிறுகுடல் 'எங்கள் செக்‌ஷன் இல்லை' என்று தள்ளிவிடும். கையெழுத்தே ஆகாமல் அந்த ஃபைல் கடைசியில் பெருங்குடலுக்கு வரும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றனவே, கடைநிலை ஊழியர்கள், அவை அதைப் பிரித்து ரெய்ன் ஆந்த்ரோன் என்கிற பொருளாக மாற்றியதும்தான் காரியம் நடக்கும். குடல் அசையும், நீர் கோத்துக்கொள்ளும். இத்தனைக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். ராத்திரி பத்துக்குக் குடித்தால் காலை நாலுக்கும் வரலாம், பத்துக்கும் வரலாம். தாம்பரம் - பீச் ரயிலில் போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் யோசித்துப் பார்க்கவும்.

இலையில் இந்தச் சத்து 2.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட மூலிகை நூல் சொல்கிறது. இதற்கு மேல் பூச்சிமருந்து எச்சம், ஈயம், கிருமி என்று தனித் தனி டெஸ்ட். "இவங்க இலைக்கு மருந்தே அடிக்கறதில்ல சார். பக்கத்து வயல்ல பருத்திக்கு, மிளகாய்க்கு அடிப்பாங்க. காத்து கொண்டாந்து இங்க போட்டுடும். ரிப்போர்ட்ல வந்தா இவங்க சரக்கு திரும்பிடும்" என்றாள். காற்றுக்கு வேலி போட முடியாது என்பது அந்தச் சம்சாரிகளின் பிரச்னை. அதற்கு அந்தக் கூடத்தில் மெஷின் இல்லை.

நான் வந்த விஷயத்துக்கு வந்தேன். "ஆன்டி ஆக்ஸிடன்ட்டும் பார்ப்பீங்களா?"

சிரித்தாள். "கேட்டா பார்ப்போம். டீ கம்பெனிக்காரங்க கேப்பாங்க. வாங்க, காட்டறேன்."

டி.பி.பி.ஹெச். என்று ஒரு ரசாயனம். கரைத்தால் நல்ல ஊதா நிறம், மடிசார் புடவை ஊதா. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஜோடி இல்லாத ஒரு எலெக்ட்ரான் தவித்துக்கொண்டிருக்கும். கல்யாணமாகாத பேச்சிலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பில் மூச்சு, சாப்பாடு, சிகரெட் எல்லாவற்றாலும் இப்படிப்பட்ட பேச்சிலர்கள் உண்டாகி அக்கம்பக்கத்தில் கலாட்டா பண்ணுவார்கள். ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பது எலெக்ட்ரானைக் கொடுத்து அவர்களைச் சாந்தப்படுத்தும் தரகர். சாந்தமானால் ஊதா போய் மஞ்சள் வரும். எவ்வளவு போயிற்று என்று 517 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறார்கள்.

சென்னாச் சாற்றை விட்டாள். ஊதா மெல்ல மெல்ல வெளுத்தது. இலையில் கேம்ப்ஃபெரால் மாதிரி ஃபிளேவனாய்டுகள் இருக்கின்றன, அவற்றின் கைவரிசை. "ஆக, பாக்கெட்ல போட்டது பொய் இல்லை?" என்றேன்.

"இருங்க" என்று மேஜை மேலிருந்த தன் டீ கிளாஸில் மிச்சமிருந்ததை எடுத்தாள். பால் சேர்க்காத கட்டன் சாயா. இன்னொரு குழாயில் ஒரு சொட்டுதான் விட்டாள். ஊதா போன இடம் தெரியவில்லை. பளிச்சென்று மஞ்சள்!

"தெருமுனை டீக்கடை சார். கறிவேப்பிலையைப் போட்டாலும் நிறம் போகும். கொய்யா இலை, முருங்கைக் கீரை எல்லாமே பாஸ்தான். இந்த டெஸ்ட்ல ஃபெயிலாகிற பச்சை இலையைக் கண்டுபிடிச்சாத்தான் அதிசயம். இது கண்ணாடிக் குழாய்க்குள்ள நடக்கிறது. குடிச்ச பிறகு உள்ள என்ன நடக்குதுன்னு இது சொல்லாது."

இதை அவள் மட்டும் சொல்லவில்லை. எந்த உணவில் எத்தனை ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று அமெரிக்க விவசாயத் துறை ஒரு பெரிய அட்டவணையே வைத்திருந்தது. கம்பெனிகள் அதைப் பார்த்துப் பார்த்து விளம்பரம் செய்யவும், குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை என்று 2012-ல் அதை எடுத்தே விட்டார்கள். அதற்கு முன்னாலேயே பின்லாந்தில், புகை பிடிக்கிற 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஒரு சோதனை. பீட்டா கரோட்டின் என்கிற ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுத்தார்கள், நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று. 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது! சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிரீன் டீ குடிக்கிற அன்பர்கள் கவனிக்க.

இங்கே என் பழைய ரூம்மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். கல்யாணம் நிச்சயமாகி மூன்று மாசம் இருந்தது. கோட்டு சூட்டு ரெடி, வயிறு ரெடியில்லை. தினம் ராத்திரி அப்படியொரு டீ. முதல் வாரம் ரெண்டு கிலோ குறைந்ததாக எல்லோருக்கும் போன் பண்ணினான். பிறகு ஒரு பையில் போதவில்லை, ரெண்டு. அப்புறம் மூன்று. ஒரு நாள் மாடிப்படியில் கால் ரெண்டும் துவண்டு உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு படபட என்கிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால், ரத்தத்தில் பொட்டாசியம் 3-க்குக் கீழே. 3.5-க்கு மேல் இருக்க வேண்டிய சமாச்சாரம். அது ரொம்பக் குறைந்தால் இதயத்தின் தாளமே தப்பும். ரெண்டு நாள் டிரிப் ஏற்றிப் பிழைத்தான்.

டாக்டர் அவனிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். "தம்பி, நீ சாப்பிட்ட பிரியாணியோட கொழுப்பு, மாவு எல்லாத்தையும் சிறுகுடல் ஏற்கெனவே வரவு வெச்சாச்சு. இந்த இலை வேலை செய்யறது அதுக்கு அப்புறம், பெருங்குடல்ல. வெளியே போனது வெறும் தண்ணியும் உப்பும். தராசுலதான் குறைஞ்சிருக்கு, தொப்பையில இல்லை." கணக்குப் பிள்ளைக்குப் புரிகிற பாஷை. மாசக்கணக்கில் இழுத்தால் குடல் உட்பக்கமே கறுத்துப்போகும், நிறுத்தினால் மெல்ல மெல்ல மாறும் என்றும் சொன்னாராம்.

நான் இலையைத் திட்டவில்லை. அமெரிக்காவில் 2002-ல் கற்றாழையும் கஸ்காராவும் பேதி மருந்துக் கவுண்டரிலிருந்து கீழே இறக்கப்பட்டபோது சென்னா தன் ஸீட்டில் நின்றது. ஒரு நாள் ரெண்டு நாள் அவஸ்தைக்கு, அளவாக, அது கைகண்ட மருந்து. டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் போகாதே என்பதுதான் மருந்துக்காரர்கள் சொல்கிற சட்டம். மருந்து என்று விற்றால் அந்த வரியை அச்சடித்தாக வேண்டும். டீ என்று விற்றால் இடுப்பில்லாத பெண் படத்தை அச்சடிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் உணவுப் பொருட்களில் கலக்கிற சென்னாவைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்ததற்குக் காரணம் இந்த மாதிரி விஷயங்கள்தான். என்னைக் கேட்டால், 2.5 சதவீதம் சென்னோசைடு இருக்கிற ஒரு சரக்கை 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று சொல்லி விற்பது, லாரியை ஹாரன் இருக்கிறது என்பதற்காக வாத்தியம் என்று விற்கிற மாதிரி.

மறுநாள் காலை குடோனுக்குப் போனபோது பெரியவர் எனக்கு முன்னாலேயே வந்து, சிப்பத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டிருந்தார். ரிசல்ட் அண்ணாச்சியின் போனுக்கு வந்தது பத்தரை மணிக்கு. அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

"2.6."

பெரியவருக்கு அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "பாஸ் ஐயா" என்றேன்.

"பாஸ்னு முழுசாச் சொல்ல முடியாது" என்றார் அண்ணாச்சி. "டீத்தூளுக்கு வெட்டற கம்பெனிக்கு இது போவாது. அவன் கலரப் பாப்பான். ஆனா சத்து எடுக்கற பாக்டரிக்கு அனுப்பலாம். அவனுக்கு இலை கறுப்பா செவப்பான்னு கவலையில்ல. அரைச்சு ஊற வெச்சு எடுத்துருவான்." கால்குலேட்டரில் தட்டினார். நல்ல இலை விலையைவிடக் கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைவு. நேற்று அவர் வாயில் வர இருந்த விலையைவிட எவ்வளவோ கூட.

"அந்த மெஷினு கலரு பாக்காதோ?" என்றார் பெரியவர்.

"பாக்காது."

"நல்ல மெஷினு."

ரூபாயை ரெண்டு தரம் எண்ணி, மடித்து, வேட்டி மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டார். கூரை ஓட்டைக்குத் தகரம் இங்கேயே வாங்கிக்கொண்டு போனால் மலிவா, சாத்தான்குளத்தில் வாங்கினால் மலிவா என்று அண்ணாச்சியிடம் விசாரித்தார். இங்கேதான் மலிவு, ஆனால் பஸ்ஸில் ஏற்ற மாட்டான் என்றார் அண்ணாச்சி. "ஏத்துவான், நம்ம பயதான் கண்டக்டரு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் தகரக் கடைப் பக்கம் நடந்தார்.